இரண்டு பேருக்கான வருஷ அட்டை

தம்பிக்கு அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். பேசினாய் என்பதைவிடச் சத்தம் போட்டாய் என்பதுதான் சரி. நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரோ என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். படகில் உட்கார்ந்திருக்கிறேன். நீலச் சேலை, அதற்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். "புருஷன் செத்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள டூர் கெளம்பிட்டாக" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குச் சிலர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். "ஊர்ல நான் எப்படிம்மா தலையக் காட்டுறது? உங்களுக்கு என்னதாம்மா ஆச்சு?" என்று கேட்டாய். நான், "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது. எழுதினால் முழுதாகச் சொல்லிவிடலாம் என்று இந்தத் தாளை எடுத்தேன். படித்து முடித்ததும் இதைப் படம் பிடித்து அதே குழுவில் போட்டுவிடு. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் எல்லோரும் படிக்கட்டும்.

அந்தப் படகில் என்னை முதன்முதலாக ஏற்றிவிட்டவன் நீதான். போன பொங்கலுக்கு நீயும் மருமகளும் பிள்ளைகளும் வந்திருந்தபோது, எல்லோரையும் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு உப்பூர் தாண்டி அந்த அலையாத்திக் காட்டுக்குப் போனாய். உன் அய்யா முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றார். பெட்ரோல் போட்டாயிற்று, காரில் ஓர் இடம் சும்மாதானே போகிறது என்று நான் சொன்ன பிறகு சட்டையை மாட்டினார். எதுவும் சும்மா போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே படகுக்கு, பிள்ளைகளின் துடுப்புப் படகுக்கு, மீன் சாப்பாட்டுக்கு என்று நீ கொடுத்துக்கொண்டே இருந்தாய். அவர் வாயைத் திறக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் ஆளைக் காணோம். பார்த்தால் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் சுவரோரம் நிற்க வைத்துப் படமெடுத்தாள். எதற்கென்று தெரியாமலே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கையில் ஓர் அட்டை. அதில் அவர் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில்.

"ஏத்தா, வருசத்துக்கு ஒரே துட்டு. இந்தப் போட்டு, உச்சிப்புளிக்கு அங்கிட்டு இருக்க கடற்கரைப் பார்க்கு, பறவ பாக்குற கோபுரம், எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும். அஞ்சாறு தடவ வந்தா போட்ட மொதல் வந்துரும். அதுக்கு மேல வந்தா எல்லாம் நமக்கு லாபம்" என்றார். நீ சிரித்தாய். "நீங்களாவது அய்யா, அஞ்சாறு தடவ வாரதாவது" என்றாய். அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த மனுஷன் வந்தே தீருவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வந்தார். நீ ஓசூர் போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே, செவ்வாய்க்கிழமை காலையில் என்னைக் கிளப்பினார். ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது, கூட்டம் இருக்கும், படகுக்காரர் சுற்றிக்காட்டாமல் பாதியில் திருப்பிவிடுவார், கூட்டமில்லாத நாளில் காலையில் போனால் அதே படகு இன்னும் உள்ளே போகும் என்று எங்கோ விசாரித்து வைத்திருந்தார். பஸ்ஸும் அப்படித்தான். நேராகப் போகிற வண்டியில் ஏறினால் இரண்டு பேருக்கும் டிக்கெட். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அதனால் பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம் என்று டவுன் பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறிக் கூட்டிப்போவார். எனக்கு ஓசி டிக்கெட் கிடைக்கும்போது அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த நாளில்கூட நான் பார்த்ததில்லை. சோறு வீட்டிலிருந்து. புளிச்சோறும் கருவாட்டுப் பொரியலும் தூக்குவாளியில், தண்ணீர் பெரிய கேனில். அங்கே கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. கோபுரத்தில் தூரத்துப் பறவையைப் பார்க்கக் கண்ணாடி வாடகைக்குத் தருவார்கள். "கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டு என்னை நடத்திக்கொண்டு போய்விடுவார்.

உன் அய்யாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் வீட்டில் பேசமாட்டார் அல்லவா? உரம், மழை, வட்டி, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்பதைத் தவிர நம் வீட்டில் அவர் வாயிலிருந்து வேறென்ன வந்திருக்கிறது? படகில் பேசினார். இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் வேரை விட்டு நிற்கும், நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பாதை. அதற்குள் போனதும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றுவார். அந்த அமைதியில் உன் அய்யா பேச ஆரம்பிப்பார். சின்ன வயதில் அவர் அப்பாவோடு மாட்டு வண்டியில் மிளகாய் மூட்டை ஏற்றிப்போனது, நீ பிறந்தபோது பரமக்குடி ஆஸ்பத்திரி வாசலில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது, உன்னை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு வயலுக்குப் போய் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு வந்தது. இதையெல்லாம் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஆச்சரியப்பட்டுப் பார்த்தால், "என்ன பாக்குற? போட்டுக்குக் காசு குடுத்தாச்சு, பேச்சுக்குமா காசு?" என்பார்.

புதுமடம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். அன்றைக்கு வெயில் அதிகம் இல்லை. திரும்பிப் பார்த்து, "ஏத்தா, நாம கடலுக்கு வந்ததெல்லாம் யாராச்சும் செத்ததுக்குத்தான, இல்ல?" என்றார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நம் ஊரிலிருந்து கடல் ஒன்றும் ரொம்பத் தூரமில்லை. ஆனால் மாமனாருக்குச் சேதுக்கரை, மாமியாருக்குத் தேவிபட்டினம், தை அமாவாசைக்கு ராமேஸ்வரம். குளிப்போம், பிண்டம் போடுவோம், ஈரச் சேலையோடு பஸ் ஏறுவோம். சும்மா போய் நிற்பதற்குக் கடலுக்கு யார் போனார்கள்? "இறங்கு, சும்மா நில்லு" என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இரண்டு பேரும் சும்மா நின்றோம்.

ஆடி மாதத்துக்குள் போட்ட முதல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது, "இன்னைக்கு முழுக்க ஓசி" என்று சொல்லிக்கொள்வார்.

ஆவணியில் நடந்தது உனக்குத் தெரியும். தெரியும் என்றாலும் நீ இல்லாதபோது நடந்ததால் எழுதிவிடுகிறேன். டிராக்டர் உழுகிறது என்று விடியற்காலையில் வயலுக்குப் போனவர், வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். கொண்டுவந்தேன். சாய்ந்தபடியே இருந்தார். கண்கள் திறந்திருந்தன. செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். அதற்கு முன்னும் ஒன்றும் இல்லை, பின்னும் ஒன்றும் இல்லை.

நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், சேதுக்கரையில் சாம்பலைக் கரைத்தாய், காரியம் முடித்தாய், லீவு இல்லை என்று போனாய். நான் அழவில்லை. நீ அதைக் கவனித்தாய், ஒன்றும் கேட்கவில்லை. ஊர் கவனித்தது, பேசியது. உன் அத்தை பஞ்சவர்ணம் கூடப் பிறந்த அண்ணனுக்காகவும் எனக்காகவும் சேர்த்து அழுதாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டபோது, இவளுக்கு மூச்சு வாங்குகிறதே, யாராவது உட்கார வைத்தால் தேவலை என்று நினைத்தேன். அழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். முயன்றுகூடப் பார்த்தேன். வரவில்லை. துக்கம் தொண்டையை அடைத்தது என்று சொல்வார்களே, அதுவும் இல்லை. வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், விளக்கு அணையும், மற்றபடி எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். அப்படி இருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறேன். நீ பயப்பட வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் வருவது குறைந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை விழித்தேன். புளி கரைத்தேன். சோறு வடித்தேன். கருவாட்டைப் பொரித்துத் தூக்குவாளியில் வைத்து மூடிய பிறகுதான் இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் அதை இறக்கி வைக்கவில்லை. அட்டையை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம். அவர் சொல்லிக்கொடுத்த அதே வண்டிகள். ஏன் போனாய் என்று நீ கேட்பாய். கரைத்த சாம்பலைத் தேடித்தான் கடலுக்குப் போகிறாள் பாவம் என்று ஊரில் இரக்கப்பட்டுச் சிலர் சொல்வதாகக் கேள்வி. அதுவும் இல்லை. அவர் அங்கே இருக்கிறார் என்று நான் நினைக்கவே இல்லை. அட்டைக்குத் தை வரை நாள் இருந்தது. வீட்டில் இருந்தாலும் சும்மா இருப்பேன், அங்கே போனாலும் சும்மா இருப்பேன். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது.

கவுண்டர் பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்யா வரலையாம்மா?" என்று கேட்டாள். "வரல" என்றேன். "அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க, நாரை எல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு" என்றாள். "சரித்தா" என்றேன். அவர் ரோட்டோரக் கடையில் பீடி வாங்க நிற்பதைப் போலச் சொன்னேன். படகுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்ததா, இல்லை கேட்க நேரமில்லையா, தெரியாது. நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். மரங்கள் வந்தன, போயின. நண்டு ஓடியது. தண்ணீர் பச்சையாக இருந்தது. பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்டது. சாப்பாட்டை மரத்தடியில் பிரித்து ஒரு பங்கைத் தின்றேன். மற்றப் பங்கைப் படகுக்காரருக்குக் கொடுத்தேன். மறு வாரமும் போனேன். அதற்கு மறு வாரமும் போனேன். மழை வந்து படகு இல்லை என்று சொன்ன நாளில் கடற்கரைப் பூங்காவுக்குப் போய் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அப்படி ஒரு நாள் நம் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் சிலர் அங்கே வந்திருந்தார்கள் போல. படமெடுத்ததை நான் பார்க்கவில்லை. மற்றது உனக்குத் தெரியும்.

நீ போனை வைத்த மறுநாள் காலையில் உன் அத்தை வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே ஆரம்பித்தாள். "என்ன மதினி இது, நல்லாவா இருக்கு? அண்ணன் படத்துல போட்ட மாலை இன்னும் காயல. நீங்க போட்டுல போறீகளாம்ல? என் மாமியா வீட்டு ஆளுக கேக்குறாக, நான் என்ன சொல்ல?" என்றாள். "நாளைக்கும் போறேன்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. நாளை செவ்வாய்க்கிழமை, அதனால் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நானும் வாரேன். அங்க என்னதான் வச்சிருக்கீகன்னு பாக்குறேன்" என்றாள். காவலுக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸாக மாறி மாறிப் போனோம். கவுண்டரில் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் அத்தையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். இவங்களுக்கு டிக்கெட் எடுக்கணும். அய்யா வந்தா இதுலேயே வரலாம்" என்றாள். "அவரு செத்துப்போனாருத்தா" என்றேன். அவர் போனதிலிருந்து அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்தவர்களுக்கெல்லாம் மற்றவர்கள்தான் சொன்னார்கள், நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பெண் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டாள். நான் காசை எடுத்து அத்தைக்கு டிக்கெட் கேட்டேன். விலையைக் கேட்டதும் அத்தை, "ஆத்தாடி, போட்டுல போக இம்புட்டா?" என்று வாயில் கை வைத்தாள்.

தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டபோது வாரை இன்னும் இறுக்கச் சொன்னாள். படகு ஆடியதும் என் முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காட்டுக்குள் போய் இன்ஜினை நிறுத்திய பிறகு, மெல்ல, "அண்ணன் எங்கன உக்காருவாரு?" என்று கேட்டாள். முன்பக்கப் பலகையைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசுவாரா?" என்றாள். "பேசுவாரு" என்றேன். என்ன பேசினார் என்று கேட்டாள். மிளகாய் வண்டியைச் சொன்னேன், ஆஸ்பத்திரி வாசலைச் சொன்னேன். கட்டிக்கொடுத்து அவளை அனுப்பிய அன்று மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு வெளியே வராமல் இருந்ததையும் சொன்னேன். அதையும் ஒரு நாள் படகில்தான் சொல்லியிருந்தார். "அன்னைக்கு வழியனுப்பவே வரலையேன்னு இத்தன வருசமா மனசுல வச்சிருந்தேனே" என்றாள். பிறகு திடீரென்று சிரித்தாள். "எனக்கு ஒரு பொட்டலம் பொரிகடல வாங்கித் தந்ததில்ல இந்த மனுசன், பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வாரா வாரம் போட்டுல போயிருக்காரு பாருங்களேன்" என்றாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. படகுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீ வெள்ளிக்கிழமை காரோடு வந்து வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிப்போவதாகவும், நிலத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டதாகவும் மருமகள் போனில் சொன்னாள். வா. நிலம் உன் இஷ்டம், குத்தகைக்கு விடு. வீட்டைப் பூட்ட வேண்டாம். நான் வரவில்லை. உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. உன் வீட்டில் எனக்கு என்ன குறை வைத்துவிடுவாய்? ஆனால் இந்த மாதிரி இருப்பதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டும். உன் வீட்டில் இருந்தால், உனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நன்றாகிவிட்டதுபோல் நான் நடிக்க வேண்டியிருக்கும்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கம் காடு, ஏரி, பூங்கா எல்லாம் இருக்கிறது, இந்த மாதிரி அட்டை அங்கேயும் எங்காவது கொடுப்பார்கள். விசாரித்து ஒன்று வாங்கு. வருஷத்தில் எத்தனை தடவை உண்மையாகவே போவாய் என்று பார்த்து வாங்கு. தூரத்து ஊருக்கு வாங்காதே, பக்கத்தில் இருப்பதற்கு வாங்கு. லீவு நாளில் போகாமல் நடுவாரத்தில் ஒரு நாள் ஒதுக்கு. சோறு கட்டிக்கொண்டு போ. நீயும் மருமகளும் மட்டும் சில தடவை போங்கள், பிள்ளைகளை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள். காசு மிச்சமாகும், அது நல்லதுதான். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. காசைக் கட்டிவிட்டோமே என்று, மனசு வராத நாளிலும் மனுஷன் கிளம்பிவிடுகிறான். நீ உன் அய்யா மாதிரி. வீட்டில் பேசமாட்டாய்.

அத்தையோடு படகில் போன அன்று வீட்டுக்கு வந்து கை கால் கழுவப் போனபோது, முழங்கைக்கு மேலே எரிந்தது. ஜாக்கெட் கையை ஏற்றிப் பார்த்தேன். உன் அத்தையின் நகங்கள் பதிந்து ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது, சுற்றிலும் கன்றிப்போயிருந்தது. தண்ணீர் பட்டதும் சுள்ளென்று வலித்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வலித்தது. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் வலித்தது. அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்தேன். மருந்து ஏதும் போடவில்லை தம்பி. நீ வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஆறிவிடும் என்று நினைக்கிறேன். ஆறாமல் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் நல்லது.

அபிராமத்திலிருந்து,
உன் அம்மா